சாந்தகுணம்: கேள்விப் பெட்டியில் விழுந்த சீட்டுகள்

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு ஒரு வேதபாட வகுப்பு நடக்கிறது. அதை நடத்துகிறவன் நான். குருவானவர் இல்லை, அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற ஆள். வகுப்பறை வாசலில் ஓர் அட்டைப் பெட்டி வைத்திருக்கிறோம். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம். இயேசுவின் மலைப்பிரசங்கம் படிக்கும்போது, ‘பாக்கியவான்கள்’ என்று வரும் ஒவ்வொரு வசனத்துக்கும் இரண்டு மூன்று சீட்டுகள்தான் வந்தன. “சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்; அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்” (மத்தேயு 5:5) என்ற வசனத்துக்கு வந்தபோது பெட்டி நிரம்பிவிட்டது. பாதிச் சீட்டுகளில் கோபம் தெரிந்தது. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், வகுப்பில் சொன்ன பதில்களையும், வீட்டுக்கு வந்தபிறகு “அட, இதைச் சொல்லியிருக்கலாமே” என்று தோன்றியவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சாந்தகுணம் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

திருப்பி அடிக்கிற பலம் கையில் இருக்கும்போது, அதைத் தன் கவுரவத்துக்காக எடுக்காமல் இருப்பது.

இதில் “பலம் இருக்கும்போது” என்பதுதான் முக்கியம். திருக்குறளில் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளே “செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்” என்றுதான் ஆரம்பிக்கிறது. தன் கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதை அடக்குகிறவன்தான் உண்மையில் அடக்குகிறவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். (வள்ளுவர் எந்த மதம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அந்தச் சண்டையிலேயே பலருடைய சாந்தம் போய்விடுகிறது.)

நாங்கள் வாசிக்கிற வேதாகமத்தில் ‘சாந்தகுணம்’. என் கத்தோலிக்கத் தோழி வைத்திருக்கும் திருவிவிலியத்தில் ‘கனிவுடையோர்’. எது சரி?

இரண்டும் சரி. இரண்டையும் சேர்த்து வாசித்தால் இன்னும் நல்லது. ‘சாந்தம்’ என்றால் நமக்கு உள்ளே இருக்கும் அமைதி நினைவுக்கு வருகிறது. ‘கனிவு’ என்றால் அடுத்தவரிடம் நடந்துகொள்ளும் விதம் நினைவுக்கு வருகிறது. காய் கனியானால் கடினம் போய்விடும், பழம் இருக்கும். கலாத்தியர் 5இல் ஆவியின் கனி வரிசையில் சாந்தமும் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கிரேக்கத்தில் அந்தச் சொல் ‘பிரயூஸ்’. “போர்க்குதிரையைப் பழக்கி அடக்குவதற்குச் சொல்லும் ராணுவச் சொல் இது” என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அது கொஞ்சம் மிகை. குதிரைக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பது உண்மை. குதிரை வளர்ப்பு பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன், குட்டியைப் பழக்கத் தருவதற்கு முன்பே அது சாதுவாக, கைக்கு இணங்கியதாக, மனிதரிடம் பிரியமுள்ளதாக இருக்க வேண்டும் என்கிறார். ‘சாது’ என்று சொல்ல அவர் எடுத்த சொல்லும் இதுவே. ஆனால் அதே சொல் மனிதருக்கும் வரும், இதமான பேச்சுக்கும் வரும்.

எபிரெயச் சொல் ‘அனாவ்’ வேறு ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. அதில் ஒடுக்கப்பட்டவர், எளியவர் என்ற வாடை அடிக்கிறது. இயேசு சொன்ன வசனம் சங்கீதம் 37:11இலிருந்து வருகிறது. அந்தச் சங்கீதம் முழுக்கவே, அக்கிரமக்காரன் செழிக்கிறதைப் பார்த்து வயிறு எரிகிறவர்களுக்கு எழுதப்பட்டது.

இதற்கும் கோழைத்தனத்துக்கும் என்ன வித்தியாசம்? வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில், நான் செய்யாத பிழைக்கு மேலதிகாரி என்னை எல்லார் முன்னாலும் கேட்டார். “சரி சார், பார்க்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு இருக்கைக்கு வந்தேன். பக்கத்து மேசைக்காரர், “எப்படி அண்ணே இவ்வளவு பொறுமை?” என்றார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அன்று சாயங்காலம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி பில்லுக்கு மேல் முப்பது ரூபாய் கேட்டான். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சிலிண்டர் அழுத்திய தோளில் அவன் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டே நான் கத்திய கத்தல் மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்கும். அவன் ஒன்றும் பேசாமல் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, “காலையில ஆபீஸ்ல இந்தக் குரல் எங்க போச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

காலையில் எனக்கு இருந்தது சாந்தம் இல்லை, இன்க்ரிமென்ட் பயம். அன்றைக்குச் சாந்தமாக இருந்தவன் அந்தத் தம்பிதான் என்றும் சொல்ல மாட்டேன். பதில் பேசினால் அவன் வேலை போகும். ஆக அன்று இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டார்கள், ஒருவர்கூட சாந்தகுணத்தால் இல்லை.

பயத்துக்கும் சாந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யோவான் 18இல் தெளிவாகப் பார்க்கலாம். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். இயேசு திருப்பி அடிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. “நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்கிறார். கைகள் கட்டியிருக்கின்றன, குரலில் நடுக்கம் இல்லை.

நம் பக்கத்திலேயே தேவசகாயம் பிள்ளை இருக்கிறார். திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானவர். பிறகு சிறை, அடி, எருமை மாட்டின்மேல் உட்காரவைத்து ஊர் ஊராக ஊர்வலம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. கோழைக்கு அது முடியாது.

மோசே ஒரு எகிப்தியனைக் கொன்றவர், கற்பலகைகளை உடைத்தவர். அவரைப் போய் ‘சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர்’ என்று எப்படிச் சொல்லலாம்?

பெட்டியில் வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

அந்த வரி எண்ணாகமம் 12:3இல் வருகிறது. எங்கே வருகிறது என்று பாருங்கள். மோசேயின் மனைவி எத்தியோப்பிய தேசத்துப் பெண் என்பதை வைத்து, சொந்த அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் உண்மையான குறை வெளியே வருகிறது: “கர்த்தர் மோசேயைக்கொண்டுமாத்திரம் பேசினாரோ, எங்களைக்கொண்டும் அவர் பேசினதில்லையோ?” குடும்பச் சண்டைகளில் இது வழக்கம்தான். மருமகளைப் பற்றி ஆரம்பிக்கும், பதவியில் வந்து முடியும்.

இந்த இடத்தில்தான் “மோசே மிகுந்த சாந்தகுணமுள்ளவன்” என்று வருகிறது. அதாவது, அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாயே திறக்கவில்லை. எகிப்திலிருந்து புறப்பட்டுவந்த முழு ஜனத்துக்கும் தலைவர் அவர். வார்த்தை சொன்னால் நடக்கும். மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததும் மோசே வாய் திறக்கிறார். அதுவும் “என் தேவனே, அவளைக் குணமாக்கும்” என்று கெஞ்சுவதற்கு. “நான் சொன்னேனா இல்லையா” என்று ஒரு சொல் இல்லை. ஏழு நாள் மிரியாம் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். அவள் திரும்பி வரும்வரை ஜனங்கள் பிரயாணம் பண்ணவில்லை.

ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கியதைப் பார்த்து, கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை உடைத்த கோபம் வேறு. அங்கே அவமானம் அவருக்கு இல்லை, கடவுளுக்கு. தனக்காக வராத கோபம் அது. ஆனால் எண்ணாகமம் 20இல் ஜனங்கள் தண்ணீருக்குச் சண்டை போட்டபோது, “கலகக்காரரே” என்று கத்தி, பேசச் சொன்ன கன்மலையை இரண்டு தரம் அடித்தார். அங்கே சறுக்கினார். கடவுள் வாக்குக் கொடுத்திருந்த கானான் தேசத்துக்குள் போக முடியாமல் போனதும் அந்த இடத்தில்தான். சாந்தகுணத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கும் இப்படி ஒரு நாள் இருந்தது. எனக்கு இது ஆறுதலாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இயேசு தேவாலயத்தில் மேசைகளைக் கவிழ்த்தாரே?

கவிழ்த்தார். மத்தேயு 21ஐ முதலிலிருந்து வாசியுங்கள். ஐந்தாம் வசனத்தில் “உன் ராஜா சாந்தகுணமுள்ளவராய்” கழுதையின்மேல் வருகிறார். பன்னிரண்டாம் வசனத்தில் காசுக்காரருடைய பலகைகளைக் கவிழ்க்கிறார். பதினாலாம் வசனத்தில் குருடரும் சப்பாணிகளும் அதே தேவாலயத்தில் அவரிடம் வருகிறார்கள், சொஸ்தமாக்குகிறார். பத்து வசனத்துக்குள் மூன்றும்.

மேசைகள் கவிழ்ந்தபோது குருடர் பயந்து ஓடவில்லை, கிட்டே வந்தார்கள். அந்தக் கோபம் யார்மேல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டில் நாம் கத்தினால் பிள்ளைகள் கிட்டே வருகிறார்களா, ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார்களா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் கோபமே வரக்கூடாது என்று இல்லையா?

இல்லை. “நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது” (எபேசியர் 4:26). வரும் என்று ஒத்துக்கொண்டு, அதற்கு ஒரு நேரக்கெடு வைக்கிறது வசனம். அரிஸ்டாட்டிலும் இந்தக் குணத்தை, எதற்கெடுத்தாலும் கோபப்படுவதற்கும் எதற்குமே கோபப்படாததற்கும் நடுவில்தான் வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதே வழியில் போய், சாந்தம் கோபத்தை அழிப்பதில்லை, மட்டுப்படுத்துகிறது என்று எழுதினார். பக்கத்து வீட்டுக் குழந்தையை அடிக்கிற சத்தம் கேட்டும் கோபம் வராதவரை யாரும் சாந்தகுணமுள்ளவர் என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கள் குடும்பமே கோபக்காரக் குடும்பம். ரத்தத்தில் ஊறியது. இதை மாற்ற முடியுமா?

சுபாவத்தை வேரோடு பிடுங்க முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பழக்க முடியும். தன்னைச் சாந்தமுள்ளவர் என்று சொல்கிற இயேசு, “என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்” என்றுதான் மத்தேயு 11:29இல் சொல்கிறார். பிறவியிலேயே வருவதாக இருந்தால் ‘கற்றுக்கொள்ளுங்கள்’ எதற்கு? அங்கே வருகிற நுகமும் மாட்டைப் பழக்குகிற கருவிதான்.

பழக்கம் என்று நான் சொல்வது எவ்வளவு நேரடியானது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் ஊழியர் 1950களில் நம் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றினார். காந்தியின் சத்தியாக்கிரகத்தை இங்கே இருந்து படித்தவர். திரும்பிப் போய், நாஷ்வில் நகரத்தில் கறுப்பின மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஓட்டல்களில் கறுப்பினத்தவர் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்ற காலம் அது. ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வகுப்பு. சிலர் நாற்காலியில் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக நடிப்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவது, முகத்தில் சிகரெட் புகை ஊதுவது, நாற்காலியிலிருந்து கீழே தள்ளுவது. உட்கார்ந்திருப்பவர் திருப்பித் திட்டக்கூடாது, எழுந்து ஓடவும் கூடாது. இதை ஒத்திகை பார்த்தார்கள், பாடகர் குழுவில் பாட்டு ஒத்திகை பார்க்கிற மாதிரி. 1960 பிப்ரவரி 13 அன்று பெரிய கடைகளுக்குள் இருந்த சாப்பாட்டுக் கவுண்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில், ஒத்திகையில் பார்த்தது நிஜத்திலும் நடந்தது. மூன்று மாதத்துக்குள், மே 10 அன்று, அந்த ஊரின் ஆறு கடைகளில் அந்தக் கவுண்டர்கள் அவர்களுக்குத் திறந்தன.

நாம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நவம்பரிலிருந்தே ஒத்திகை பார்க்கிறோம். மாமியார் என்ன சொல்லுவார், அண்ணன் எந்த வார்த்தையில் குத்துவான் என்று நன்றாகத் தெரிந்தும், அதற்கு ஓர் ஒத்திகையும் பார்க்காமல் போய் உட்காருகிறோம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நடைமுறையில் சொல்லுங்கள்.

முதலில், உங்கள் கோபம் ‘செல்லுபடியாகிற’ ஆட்கள் யார் யார் என்று எழுதுங்கள். எனக்கு வந்த பட்டியல்: மனைவி, இளைய மகள், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், சிலிண்டர் தம்பி, கஸ்டமர் கேரில் போன் எடுக்கிற பெண். மேலதிகாரி பட்டியலில் இல்லை, பார்த்தீர்களா? பயிற்சிக்களம் இந்தப் பட்டியல்தான். காலை ஜெபத்தில் “எனக்குச் சாந்தத்தைத் தாரும்” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “இன்று சாயங்காலம் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது” என்று ஆள், நேரத்தோடு கேட்டுப் பாருங்கள். எனக்கு அது உதவுகிறது.

அடுத்தது உடம்பு. கோபம் வரும்போது நான் எழுந்து நிற்கிறேன் என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். இப்போது, எழுந்துவிட்டேன் என்று தெரிந்தால் உட்கார்ந்துவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு கத்துவது கஷ்டம். முயற்சி செய்து பாருங்கள். “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” (நீதிமொழிகள் 15:1) என்பதில் என்ன பதில் சொல்வது என்று இல்லை. எந்தக் குரலில் என்றுதான் இருக்கிறது.

மூன்றாவது, மன்னிப்பு. நம் ஊரில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கமே கிடையாது. சமாதானம் ஆகவேண்டுமென்றால், “சாப்பிட்டியா?” என்று கேட்போம், அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். “நான் பேசினது தப்பு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னால் “ஆனா நீயும்...” வேண்டாம். அந்த ‘ஆனா’வில் முழு மன்னிப்பும் கரைந்துவிடும்.

பிள்ளைகளிடம் சாந்தமாக இருந்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவமாட்டான் என்பார்களே?

அந்தப் பழமொழியைச் சொன்னவர் அடி வாங்கியவராக இருக்கமாட்டார்.

இத்தாலியில் தெருப் பையன்களைச் சேர்த்து வளர்த்த தொன் போஸ்கோ தன் ஒன்பதாவது வயதில் கண்ட கனவைச் சொல்லியிருக்கிறார். பையன்கள் கெட்ட வார்த்தை பேசிச் சண்டை போடுகிறார்கள். இவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு பாய்கிறார். ஒருவர் தடுத்து, அடியால் அல்ல, சாந்தத்தாலும் அன்பாலும் இவர்களை நண்பர்களாக்கு என்கிறார். தன் சபைக்கு அவர் பெயர் வைத்ததும் சாந்தத்துக்குப் பேர்போன பிரான்சிஸ் சலேசியாரின் பெயரைத்தான். அந்தச் சபையின் சலேசியர்கள் இந்தியாவில் முதலில் பணி தொடங்கியது 1906இல், நம் தஞ்சாவூரில்.

கண்டிப்பு வேண்டும். மொபைலை ஒன்பது மணிக்கு வாங்கி வைக்கிறேன் என்றால் வாங்கி வைக்க வேண்டும். ஆனால் வாங்குவதற்குக் கத்தத் தேவையில்லை. கத்துகிற வீட்டில்தான் பெரும்பாலும் மொபைல் பத்தரைக்கும் பிள்ளையின் கையில் இருக்கிறது.

அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. சாந்தமாக விட்டுவிட வேண்டுமா? கோர்ட்டுக்குப் போவது பாவமா?

ஆதியாகமம் 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஈசாக்கிடம் அபிமெலேக்கு ராஜா, “நீ எங்களைவிட ரொம்பப் பலத்துவிட்டாய், போய்விடு” என்கிறான். மறுபடியும் பாருங்கள், பலம் ஈசாக்கிடம் இருக்கிறது. அவர் போய்ப் பள்ளத்தாக்கில் கிணறு வெட்டுகிறார். உள்ளூர் மேய்ப்பர்கள் “தண்ணீர் எங்களுடையது” என்று சண்டைக்கு வருகிறார்கள். அதற்கு ‘ஏசேக்கு’, வாக்குவாதம், என்று பெயர் வைத்துவிட்டு நகர்கிறார். அடுத்த கிணற்றுக்கும் சண்டை. அது ‘சித்னா’, பகை. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. அது ‘ரெகொபோத்’, இடம் உண்டு. கிணறு வெட்டுகிற கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்று புரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அபிமெலேக்கு சமாதானம் பேச வரும்போது ஈசாக்கு, “என்னைப் பகைத்துத் துரத்திவிட்டவர்கள்தானே, இப்போது ஏன் வந்தீர்கள்?” என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார். பிறகு விருந்து வைக்கிறார். விட்டுக்கொடுத்தார், நடந்ததை மறைக்கவில்லை.

ஆக, உங்கள் பங்கை நீங்களே மனமுவந்து விட்டால் அது ஈசாக்கின் வழி. ஆனால் இன்னொருவர் பங்கை அவருக்குப் பதிலாக நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டியில் இன்னொரு சீட்டும் இருந்தது, பெண் கையெழுத்தில்: “அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ‘நீ விசுவாசிதானே, சாந்தமா விட்டுக்கொடு’ என்கிறார்கள்.” அம்மா, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில், 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். வசனத்தைக் காட்டி வாங்குவது அவர்கள் உரிமை இல்லை. வழக்கறிஞரைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாந்தகுணத்தை அவரவர் தன்னிடம்தான் கேட்டுக்கொள்ளலாம். தன்னைவிடப் பலவீனமானவரிடம் அதைக் கேட்டு வாங்குகிறவருக்கு வேறு பெயர் உண்டு.

கணவர் அடிக்கிறார். வீட்டிலும் ஜெபக்குழுவிலும் ‘சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி’ என்று 1 பேதுரு 3ஐக் காட்டுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

அடி வாங்குவது சாந்தகுணம் இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினார். நாசரேத்தில் மலைவிளிம்பிலிருந்து தள்ளக் கொண்டுபோனபோது இயேசு அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார். உயிரைக் காப்பாற்றிக்கொள்வதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. அதே 1 பேதுரு 3இல் ஏழாம் வசனம், மனைவியைக் கனம்பண்ணாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்கிறது. அதை ஏன் அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை?

181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு ஆணை கேட்கவும், அதே வீட்டில் வசிக்கவும் உரிமை இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். மன்னிப்பதைப் பற்றியெல்லாம் பாதுகாப்பான இடத்துக்குப் போனபிறகு பேசலாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் நம் விசுவாசத்தைக் கேலி செய்தால்?

“சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. அதே வசனத்தில் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருக்கச் சொன்னதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பதில் டைப் செய்யாதீர்கள். காலையில் வாசித்தால் பாதி கேலிக்குப் பதிலே தேவைப்படாது.

சபைத் தேர்தல் நேரத்தில்?

இதற்குப் பதில் எழுத எனக்கு இன்னும் சாந்தம் வரவில்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

‘பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்கிறாரே, உலகத்தில் அப்படியா நடக்கிறது? அடிக்கிறவன்தானே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான்?

எடுத்துக்கொள்கிறான். சங்கீதக்காரனுக்கும் அது தெரியும். அதனால்தான் “சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்” என்ற சொல் வருகிறது. சுதந்தரம் என்றால் இங்கே வாரிசுச் சொத்து. தகப்பன் கையிலிருந்து வருவது. பிடுங்குகிறவன் வைத்திருப்பது ஆக்கிரமிப்பு. பட்டா அவன் பெயரில் இல்லை. கிராமத்தில் புறம்போக்கை வளைத்துப்போட்டவர்கள் ராத்திரி தூங்கும் லட்சணத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். முழு நிறைவேற்றம் இனி வரப்போகிற காரியம் என்றுதான் சபை எப்போதும் நம்பிவந்திருக்கிறது. இங்கேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை.

எத்தனை தரம் தீர்மானம் எடுத்தாலும் மறுபடி கத்திவிடுகிறேன். அதற்கப்புறம் என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பிரான்சிஸ் சலேசியார் (1567–1622) ஜெனீவாவின் ஆயர். 1609இல் வெளிவந்த தன் பக்தி நூலில், சாந்தத்தைப் பற்றி எழுதிய பகுதியை அடுத்து, நம்மிடமே நாம் சாந்தமாக இருப்பது பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். சிலர் கோபப்பட்டதற்காகத் தங்கள்மேல் கோபப்படுகிறார்கள், எரிச்சல்பட்டதற்காக எரிச்சல்படுகிறார்கள் என்கிறார். முதல் கோபம் அணையாததற்கு இரண்டாவது கோபமே விறகு.

பவுலைப் பாருங்கள். அப்போஸ்தலர் 23இல் பிரதான ஆசாரியன் அவர் வாயில் அடிக்கச் சொன்னதும், “வெள்ளையடிக்கப்பட்ட சுவரே” என்று சீறிவிட்டார். அவர் பிரதான ஆசாரியர் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதும், தெரியாமல் சொல்லிவிட்டேன் சகோதரரே என்று அதே இடத்தில் இறங்கிவந்து, தனக்கு விரோதமான வேதவசனத்தையும் தானே எடுத்துச் சொன்னார். கலாத்தியருக்கு ‘சாந்தம்’ என்று எழுதிய அதே பவுல். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருந்தவில்லை. அடுத்த வசனத்தில் தன் வழக்கைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவு சொல்கிற உங்களுக்குக் கோபம் வருவதே இல்லையா?

சிலிண்டர் தம்பியிடம் அடுத்த மாதம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு சார்?” என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை. என்னைப் போல எத்தனை வீடோ.

போன மாதம் பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. “வகுப்பில் கடைசி வரிசைப் பாட்டி கேள்வி கேட்டபோது, நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பேசி முடிக்கவே விடவில்லை. இதுதான் சாந்தமா?” கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். மணி பதினொன்றரை ஆகிவிட்டது, அடுத்த வகுப்புக்கு அறை வேண்டும் என்று பதில் சொல்ல வாய் துடித்தது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, “போன வாரம் என்னமோ கேட்டீங்களே பாட்டி, இப்ப சொல்லுங்க” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “மறந்துபோச்சே தம்பி” என்றார். பிறகு என் கையைத் தட்டி, “பரவால்ல, ஞாபகம் வந்தா நேர்லயே கேக்கிறேன். பெட்டில போட எனக்கு எழுத வராது” என்றார்.